பிளஸ் 1 பாடமும் ஐசர் நுழைவுத் தேர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 1 பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டதால் மாணவர்களின் சுமை குறையும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 2017-18இல் அத்தேர்வு எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பது மறந்துபோகக் கூடாது. பிளஸ் 1 வகுப்பிலேயே பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டுகளும் அதையே உருப்போட வைத்து மதிப்பெண் குவித்த பள்ளிகளுக்குக் கடிவாளம் போடவே அது வந்தது. அப்பழக்கம் திரும்பினால் முதலில் பாதிக்கப்படுபவர்கள், அறிவியல் ஆராய்ச்சிப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகளை எழுத விரும்பும் பிள்ளைகளே.

திருப்பதி, திருவனந்தபுரம், புனே உள்ளிட்ட ஏழு இடங்களில் இயங்கும் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி) நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். (இளநிலை, முதுநிலை இணைந்த அறிவியல்) படிப்பில் சேர ஐ.ஏ.டி. (ஐசர் ஆப்டிடியூட் டெஸ்ட்) என்னும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இம்மதிப்பெண்ணை ஏற்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலும் தலா 15 வினாக்கள், மூன்று மணி நேரம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு, மொத்தம் 240. வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், திரிகோணமிதி, கரிம வேதியியலின் அடிப்படைகள் எல்லாம் பிளஸ் 1 பாடங்கள். அவற்றைப் படிக்காமல் தாண்டிச் சென்றவருக்குப் பிளஸ் 2 பாடமும் முழுமையாக விளங்காது. மின்தூண்டியும் மின்தேக்கியும் இணைந்த சுற்றில் ஏற்படும் அலைவுகளைப் பிளஸ் 2 நூல் சுருள்வில்லின் அலைவோடு ஒப்பிட்டே விளக்குகிறது. முந்தைய ஆண்டில் அந்தச் சுருள்வில் அலைவை, அதாவது தனிச்சீரிசை இயக்கத்தைப் படிக்காத மாணவர் அங்கே சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

இன்னொரு சிக்கல் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே தொடங்கிவிடுகிறது. கணிதத்தோடு கணினி அறிவியல் எடுப்பவருக்கு உயிரியல் இல்லை. தாவரவியல், விலங்கியல் எடுப்பவருக்குக் கணிதம் இல்லை. நான்கில் மூன்று பாடங்களைப் படித்திருந்தாலே ஐ.ஏ.டி. எழுதலாம் என்பதால் கதவு மூடப்படுவதில்லை. ஆயினும் 60 மதிப்பெண்ணுக்கான பகுதி அந்நியமாக நிற்கிறது. அதை அடியோடு ஒதுக்கிவிடுமாறு சிலர் அறிவுரை சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. செல், மரபியல், சூழலியல் போன்ற சில அலகுகளை மட்டுமாவது பாடநூலிலிருந்தே வாசித்துக்கொண்டால், ஒவ்வொரு வினாவுக்கும் தரப்படும் நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிடும் அளவுக்கேனும் தெளிவு கிடைக்கும். (ஒன்றுமே தெரியாமல் 15 வினாக்களுக்கும் குத்துமதிப்பாகக் குறித்தால் சராசரியாக நான்கு மதிப்பெண்கூடத் தேறாது என்பதை மாணவர்களே நிகழ்தகவு கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.)

பிளஸ் 2 பொதுத் தேர்வு மார்ச்சில் முடிந்த பிறகு பயிற்சி மையத்தில் சேர்ந்து சமாளித்துவிடலாம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஐ.ஏ.டி. அண்மை ஆண்டுகளில் மே இறுதியிலோ ஜூனிலோ நடந்திருக்கிறது. அந்த இடைவெளி பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பழகப் போதும். ஓராண்டுப் பாடத்தைப் புதிதாகக் கற்கப் போதாது. தமிழ்வழி மாணவர்களுக்கு வினாத்தாள் தமிழில் இல்லை என்ற கூடுதல் சுமையும் இருப்பதால், கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் அறிந்துகொள்ளும் பழக்கம் பிளஸ் 1 தொடக்கத்திலேயே வர வேண்டும்.

ஆகவே, பிளஸ் 1 பாடங்கள் முழுமையாக நடத்தப்படுவதைக் கல்வித் துறை ஆண்டு நடுவிலேயே நேரில் ஆய்வு செய்ய வேண்டும். பிளஸ் 1 சேர்க்கை விண்ணப்பத்தை வழங்கும்போதே, எந்தப் பாடப்பிரிவு எந்த நுழைவுத் தேர்வுக்கு உதவும் என்னும் ஒரு பக்கக் குறிப்பையும் பள்ளிகள் தமிழில் இணைத்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்