சுவரிலிருந்து நீளும் கைகள்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய குறும்படத்தை மூன்று முறை பார்த்தேன். "பாழடைந்த வீட்டில் விளக்கு தானாக எரிகிற இடத்தில் ஒருவர்கூட மிரளவில்லையே, ஏன் மாமா?" என்று கேட்டிருந்தாய். மிரளவேண்டியவர்களை முந்திக்கொண்டு உன் கேமரா மிரண்டுவிட்டது. விளக்கு எரியும் முன்பே ஆடத் தொடங்கிவிட்டது, எரிந்ததும் ஓடிப்போய் அதன் மூஞ்சியில் முட்டியது. பார்ப்பவர்களுக்கு என்ன மிச்சம் வைத்தாய்?

பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோ 1946-ல் எடுத்த ‘அழகியும் மிருகமும்’ படத்தில் வணிகர் மாளிகைக்குள் நுழையும் கட்டத்தை இன்று ராத்திரி பார். காட்டில் வழிதவறிய கிழவர், இருட்டான ஒரு நடைவழிக்குள் வருகிறார். சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டிருக்கின்றன, ஒவ்வொரு கையிலும் ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி. அவர் கடந்துபோகப் போக மெழுகுவர்த்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே பற்றிக்கொள்கின்றன. கேமராவுக்கு அவசரமே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் அவர் மேசையில் உட்கார்கிறார். மேசை நடுவிலிருந்து முளைத்த கை, பிடித்திருந்த தாங்கியை விட்டுவிட்டு ஜாடியை எடுத்து அவருக்கு வைன் ஊற்றுகிறது. கணப்படுப்பின் பக்கத்துச் சிலைகள் கண்களை உருட்டிப் பார்க்கின்றன, வாயிலிருந்து புகை விடுகின்றன. வேலைக்காரர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சாதாரணம்தான் முதுகில் சில்லிடுகிறது.

இதில் லேப் வித்தை எதுவும் கிடையாது. கைகள் நிஜக் கைகள். சுவருக்குப் பின்னால் ஆட்கள் நின்று நீட்டிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது எப்படி? அணைத்தார்கள்! எரிகிற வர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைக்க, வணிகராக நடித்த மார்செல் ஆந்த்ரே பின்பக்கமாக நடந்தார். பிலிமைத் தலைகீழாக ஓட்டியதும் அவர் முன்னால் நடக்கிறார், திரிகள் பற்றிக்கொள்கின்றன. பின்னால் பார்க்காமல் காலைத் துழாவித் துழாவி வைத்தவரின் நடை அது. திருப்பி ஓட்டும்போது அந்தத் தயக்கம் அப்படியே வந்து ஒட்டிக்கொள்கிறது. யாரோ இழுத்துப்போவதுபோல நடப்பார். எந்த நடிகரிடமும் "பயந்துகொண்டே நட" என்று சொல்லி அதை வாங்க முடியாது.

இருட்டையும் கவனி. அந்த நடைவழிக்குச் சுவர் இருக்கிறதா என்றே சரியாகத் தெரியாது. கை, தீபம், ஒரு துணியின் விளிம்பு, மற்றதெல்லாம் கறுப்பு. போர் முடிந்த கையோடு, 1945 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது. நல்ல பிலிம் கிடைப்பதே பெரும்பாடு, மின்சாரம் வேறு திடீர் திடீரென்று போகும். கலை வடிவமைத்த கிறிஸ்தியான் பெரார் பெரிய செட்டுக்குப் பதிலாக இருட்டையே செட்டாக வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஒளிப்பதிவு ஆன்ரி அலெகான். மாயக்கதை என்றாலே லென்ஸ் முன்னால் மெல்லிய துணி கட்டி மசமசவென்று எடுப்பது அன்றைய வழக்கம். காக்தோ அதற்கு நேர்மாறாக, ஆவணப்படம்போலத் துல்லியமாக வேண்டும் என்றார். கையின் நரம்பு தெரிகிறது, நகம் தெரிகிறது, அதனால்தான் நம்புகிறோம். உன் படத்தில் நீ விட்ட புகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அதே மாளிகைக்கு மகள் வருகிறாள். நடித்தவர் ஜோசெத் தே. இங்கே ஸ்லோமோஷன். இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன் சொல்கிறேன், இந்த வித்தையை என்னைவிடக் கேவலமாகப் பயன்படுத்தியவன் ஊரில் கிடையாது; தாலி கட்டுவதிலிருந்து ரசம் ஊற்றுவது வரை ஸ்லோமோஷன்தான். காக்தோவோ ஓட்டத்துக்கு வைத்திருக்கிறார். அவள் பயந்து ஓடுகிறாள், அவளுடைய நீண்ட அங்கி காற்றில் மிதக்கிறது, எவ்வளவு ஓடியும் இடம் நகர மறுக்கிறது. கனவில் நாம் ஓடுவது அப்படித்தானே?

அடுத்த நடைவழியில் ஓட்டமே இல்லை. ஒரு பக்கம் ஜன்னல்கள், வெள்ளைத் திரைச்சீலைகள் உள்ளே பறந்து வருகின்றன, நடுவே அவள் காலை அசைக்காமல் நம்மை நோக்கி வழுக்கி வருகிறாள். சக்கரப் பலகையில் நிற்கவைத்து இழுத்தார்கள். நம் ஊர் டிராலியேதான், ஆனால் அதில் ஏறியது கேமரா இல்லை, நடிகை. நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான். கேமராவை நகர்த்தியிருந்தால் "அழகான ஷாட்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். ஆளை நகர்த்தியதால் அந்த வீடே அவளை உள்ளே வாங்கிக்கொள்வதுபோல ஆகிவிட்டது.

சரி, உன் விளக்குக் காட்சிக்கு வருகிறேன். அந்த கிராபிக்ஸ் தீயைத் தூக்கிவிடு. கேமராவை ஸ்டாண்டில் வை. நிஜ அகல்விளக்கை ஏற்றி, அந்தப் பையனைப் பின்பக்கமாக நடக்கவிட்டு, அணைத்து எடு, எடிட்டில் திருப்பிப் போடு. ஜன்னலைச் சாத்திவிடு, காற்று வந்தால் டேக் போய்விடும். அணைந்த திரியின் புகை திரும்பி உள்ளே இறங்குவது லேசாகத் தெரியும், அதை வெட்டிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. சுவருக்குப் பின்னால் நின்று கை நீட்ட ஆள் வேண்டுமென்றால் சொல், மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா