கேடயம் வழங்கும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலவையினரே, ஆலய நிர்வாகத்தினரே,

வணக்கம். நம் மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம்., ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுகளில் சிறந்த தேர்ச்சி பெற்ற நம் பிள்ளைகளுக்கு நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பாராட்டு விழாக்களுக்காக, கடந்த 15 ஆண்டுகளாகப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துத் தருபவள் நான். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். விண்ணப்பங்களைப் பிரித்து, தேர்வு முடிவுத் தாளோடு ஒப்பிட்டு, ஆவணம் ஏதும் குறைந்தால் மாணவரையே அழைத்துக் கேட்டு, யாருக்கு எத்தனை ஏ என்று எண்ணி வரிசைப்படுத்துவது என் வேலை. ஆகவே இந்த மடலில் நான் குறையென்று சொல்லும் ஒவ்வொன்றிலும் எனக்கும் பங்கு உண்டு.

கடந்த தீபாவளிக்கு முதல் நாள் மாலை என் வீட்டு வாசலில் ஒரு மாணவன் வந்து நின்றான். ஈராண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் மேடையில் கேடயம் வாங்கியவன். கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து வந்து தலைநகரில் பொறியியல் படிப்பவன். அவனுடைய விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைந்ததென்று அன்று நான் அழைத்தபோது பதிவான எண்ணை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். வடக்கே போகும் பேருந்துக்கு எடுத்த டிக்கெட் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது. பேருந்து பிற்பகலே கோலாலம்பூரின் டி.பி.எஸ். பேருந்து நிலையத்தை விட்டுப் போயிருந்தது. முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் அவன் தோற்றிருந்தான். அதை வீட்டில் சொல்லாமலே பல மாதங்களை ஓட்டிவிட்டான்.

"வீட்டுக்குப் போனா அந்தக் கேடயத்தைப் பார்க்கணும் டீச்சர்," என்றான்.

அவன் தாயார் அதைச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமைகளில் படங்களைத் துடைக்கும் துணியாலேயே அதையும் துடைத்துவிட்டுத்தான் விளக்கேற்றுவாராம். பால்மரமும் செம்பனையுமாக இரண்டு தலைமுறை உழைத்த குடும்பத்தில் ஒரு தாய் இப்படிச் செய்வதை நான் ஒருநாளும் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று விழா அறிவிப்பாளர், "தோல்வி என்ற சொல்லே இவர்கள் அகராதியில் இல்லை" என்று முழங்கியதும், மண்டபமே எழுந்து கைதட்டியதும் அந்தப் பிள்ளைக்கு அப்படியே நினைவிருந்தன. அந்த வாக்கியத்தை நாம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். பல்கலைக்கழகத்தில் முதன்முறையாகத் தோற்கும் பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்று ஒருமுறையும் நாம் யோசித்ததில்லை.

4.00க்கு, முதல் செமஸ்டரில் அவன் எடுத்த புள்ளி 2.60, இரண்டாவதில் 3.10. எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தான். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் இருவருமாகக் கணக்குப் போட்டோம். எட்டு செமஸ்டர்களிலும் பாடச்சுமை ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 3.50உடன் பட்டம் பெற மீதமுள்ள ஆறிலும் சராசரி 3.72 வேண்டும், அது கடினம்தான். 3.00 போதுமென்றால் 3.05 எடுத்தால் போதும். கால்குலஸ் படிக்கும் மாணவனுக்கு இந்தக் கூட்டல் வகுத்தல் தெரியாததல்ல. அந்தக் கணக்கைத் தொடவே அவன் பயந்திருந்தான். விடையைப் பார்த்ததும் வெகுநேரம் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவனோடு பேசிய பிறகு, பழைய பட்டியல்களில் இருந்த வேறு சிலரையும் அழைத்துப் பேசினேன். பெரும்பாலும் ஒரே கதைதான். பள்ளியில் முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து ஏ வாங்கப் பழக்கினோம். நானும் அப்படித்தான் கற்பித்தேன். புரியாத ஒன்றின் முன்னால் பொறுமையாக உட்கார நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலோ சுற்றி இருக்கும் எல்லாருமே தத்தம் பள்ளியில் முதலிடம் பிடித்தவர்கள். டுட்டோரியலில் கேள்வி கேட்டால் தனக்குத் தெரியாதென்பது வெளிப்பட்டுவிடும் என்று இவர்கள் வாய் திறப்பதில்லை. ஆய்வுக்கூட அறிக்கை திருத்தமாக அமையவில்லை என்று அனுப்பாமலே விடுகிறார்கள். பாதிப் புள்ளி கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் சுழியம் விழுகிறது. சோம்பல் என்று வெளியே தெரிவது உண்மையில் அச்சம். பல்கலைக்கழகமும் பெரும்பாலும் 2.00க்குக் கீழே இறங்கியவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறது. 3.90 எடுக்கக்கூடியவர் 2.80க்குச் சரிந்தால் அது யாருடைய கண்ணிலும் படுவதில்லை, ஏனெனில் அவர் தேர்ச்சி பெற்றவர்.

இந்தப் பிள்ளைகளில் பலரை நாம் 12 வயதிலேயே மேடையேற்றினோம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் தமிழ்ப்பள்ளிகளில் 7ஏ, பிறகு 8ஏ எடுத்தவர்களின் படங்களைப் பதாகைகளில் அச்சிட்டோம். அரசாங்கம் அத்தேர்வை 2021இலும் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வை 2022இலும் நிறுத்தியது. நம் மேடைகளோ அப்படியே இருக்கின்றன. முன்பு மூன்று தேர்வுகளுக்குப் பகிர்ந்து கிடந்த எதிர்பார்ப்பு முழுவதும் இப்போது எஸ்.பி.எம். மீது இறங்கியிருக்கிறது.

பணமும் இதில் கலந்திருக்கிறது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் பெற்றவர் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆகவே ஒரு தசமப்புள்ளிக்குக்கூட அந்தக் குடும்பத்தில் ரிங்கிட்டில் விலை இருக்கிறது. அது அரசாங்கத்தின் கையில் உள்ளது. உங்கள் கையில் இருப்பது நீங்கள் வழங்கும் உபகாரச் சம்பளம். ஒரு செமஸ்டர் சறுக்கியதும் அதை நிறுத்தும் விதி சில சங்கங்களில் உண்டு. அதனால் பிள்ளை தன் சறுக்கலைச் சொல்லத் துணியாத முதல் இடம் உங்கள் அலுவலகமாகிவிடுகிறது. அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இந்த விதியை மாற்றுங்கள். ஒரு செமஸ்டர் முழுவதும் கேள்வியின்றித் தொகை தொடரட்டும்.

விழா மேடையில், பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் தோற்று மீண்டும் எழுதித் தேறியவரையோ, படிப்பையே மாற்றிக்கொண்டவரையோ பத்து நிமிடம் பேச அழையுங்கள். பிரமுகர்களின் உரைகளில் இரண்டைக் குறைத்தாலே அதற்கு நேரம் கிடைக்கும். விழா மலரின் பின்னட்டையில் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555ஐயும், மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்க 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதைப் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். உதவி கேட்டால் போலீஸ் வரும் என்று அஞ்சி வாய்மூடிய வீடுகளை நான் அறிவேன்.

அந்த மாணவன் தீபாவளியன்று காலை என் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தான். தோசை சாப்பிட்ட பிறகு, என் எதிரிலேயே தாயாரை அழைத்துச் சொன்னான். அவர் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாப்பா?" என்பதுதான்.

இவ்வாண்டுப் பட்டியல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பெயர், பள்ளி, தேர்ச்சி என்ற மூன்று பத்திகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் இந்தப் பிள்ளையை அழைத்து, புள்ளி விவரம் கேட்காமல் நலம் விசாரிக்கப்போகிறவர் யார்? உங்கள் செயலவையில் உள்ளவர்களின் பெயர்களால் அந்தப் பத்தியை நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். ஐந்து பேருக்கு எதிரே என் பெயரை நானே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்