தார் பூசிய கூரை, மண் சுவர்

லாஸ் ஏஞ்சலஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். எனக்கும் பஸ், ரயில் எல்லாம் பழகிவிட்டது.

போன வாரம் போனில், "அங்கே வீடெல்லாம் எதுல கட்டுறாங்க?" என்று கேட்டீர்கள். மரத்தில், அப்பா. எங்கள் குடியிருப்பு மூன்று மாடி. உள்ளே முழுக்க மரச்சட்டம், அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்துப் பெயிண்ட். தட்டினால் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். பூகம்பம் வருகிற ஊர், மரம் வளைந்து கொடுக்கும் என்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் கொத்தனார் வீட்டில் பிறந்தவளுக்கு, கை வைத்தால் சுவர் சுவராக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு சுவரை இன்று தொட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே ஒல்வெரா தெரு. அங்கே அவிலா வீடு என்று ஒன்று இருக்கிறது. 1818-இல் பிரான்சிஸ்கோ அவிலா என்ற பண்ணைக்காரர் கட்டியது. இந்த ஊரில் இன்றும் நிற்கிற வீடுகளில் இதுதான் மிகப் பழையது. எல்லாம் பச்சைக்கல். மண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்து மிதித்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயவைத்து, அதே சேற்றையே சாந்தாக வைத்துக் கட்டியது. சூளை கிடையாது. இந்தக் கல்லுக்கு இவர்கள் 'அடோபி' என்கிறார்கள். அரபியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு வந்த சொல்லாம்.

சுவர் இரண்டரை, மூன்றடி கனம். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு முழம்! வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே காலடி வைத்ததும் குளிர்ச்சி. பகல் சூட்டைச் சுவரே வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெதுவாக விடுகிறது. பின்னால் தாழ்வாரம், முற்றம். சமையல் பெரும்பாலும் முற்றத்தில்தானாம். முதலில் வீடு இப்போது இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாக இருந்திருக்கிறது. தரை வெறும் மண்ணை இறுக்கிக் கெட்டித்தது. பலகை பிற்பாடுதான் வந்தது.

கூரையைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். தட்டையான கூரை, மேலே தார். இந்த ஊரில் லா ப்ரேயா என்ற இடத்தில் தரையிலிருந்து தானாகவே தார் ஊறுகிறது. இன்றைக்கும் குமிழி விடுகிறது. அதைக் கொண்டுவந்து கல்லும் குதிரை முடியும் கலந்து பூசியிருக்கிறார்கள். உத்தரத்துக்கு ஆற்றங்கரை மரம். எதையும் தூரத்திலிருந்து வாங்கவில்லை.

அவிலா 1832-இல் இறந்துபோக, மனைவி என்கார்னசியோன் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அப்போது இது மெக்சிகோ நாடு. 1847 ஜனவரியில் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தபோது, அந்த அம்மாள் ஒரு பையனைக் காவலுக்கு வைத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாராம். படையின் பாண்டு வாத்தியம் கேட்டதும் பையன் கதவைத் திறந்துபோட்டு வேடிக்கை பார்க்க ஓடிவிட்டான், திறந்த வீட்டுக்குள் படை புகுந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். அந்தப் படையின் தளபதி ஸ்டாக்டன் இங்கே தங்கியது மட்டும் வரலாறு.

பிறகு வீட்டுக்குக் கெட்ட காலம். பூகம்பம் உலுக்கியது, வாடகை விடுதி ஆனது, சாப்பாட்டுக் கடை ஆனது, கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. கடைசியில் குடியிருக்கத் தகுதியில்லை என்று அறிவித்துவிட்டார்கள். கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்ற பெண்மணி, இடிக்கக்கூடாது என்று ஊரைத் திரட்டி, நன்கொடை கேட்டு வாங்கிக் காப்பாற்றினார். 1930-இல் தெருவையே சீர்செய்து சந்தையாகத் திறந்தார்கள். 1971 பூகம்பத்தில் மறுபடி பலத்த சேதம், மறுபடி பழுதுபார்த்தார்கள். பூகம்பத்துக்கு மண் சுவர் ஆகாது என்பதும் உண்மைதான் அப்பா, கனமும் அதிகம், இழுவையும் தாங்காது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் சேறு குழைத்திருக்கிறார்.

அவிலா பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் இப்படி மண் மிதித்தவர்கள் பெரும்பாலும் டோங்வா என்கிற பூர்வகுடி மக்கள். கல் அறுத்த ஒருவர் பெயரைக்கூட அங்கே நான் பார்க்கவில்லை. ஜன்னல் திண்டில் கை வைத்துக்கொண்டு உங்களைத்தான் நினைத்தேன். நம் ஊரில் நீங்கள் கட்டிய வீடுகளில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?

தாத்தா கட்டிய பின்கட்டு மண் சுவரை இடித்துவிட்டு ஷெட் போடப்போவதாகத் தம்பி சொன்னான். நீங்கள் ஒரு தடவை அடிச்சுவரைப் பாருங்கள். மழைத் தண்ணீர் அரித்த இடத்தில் வைக்கோல் மண் வைத்துப் பூசி, கூரையை இரண்டடி வெளியே இறக்கினால் போதாதா? ஐப்பசி மழைக்கு முன்னால் சொல்லுங்கள். ஆகிற செலவை நான் அனுப்புகிறேன். அதுவரை கடப்பாரையைத் தொடவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் அன்பு மகள்