பருவ நிறைவு, கல்விச் சுற்றுலா: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. பொங்கல் விழா, திருக்குறள் ஒப்பித்தல், ஆண்டு விழா நாடகம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். முதல் நிலை மாணவர்கள் உயிர்மெய் வரிசைக்கு வந்துவிட்டார்கள். தேர்வு முடிவுகளை வகுப்பாசிரியர்கள் அனுப்புவார்கள். நூலகப் புத்தகங்களைக் கடைசி வகுப்புக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி சுற்றுலா பற்றி. நாம் இருப்பது சின்சினாட்டி பகுதி என்பதால், கென்டக்கி பீட்டர்ஸ்பர்கில் உள்ள, பைபிளின் படைப்புக் கதையை அப்படியே வரலாறாகக் காட்டும் கிரியேஷன் மியூசியத்துக்கோ, அதே நிறுவனம் வில்லியம்ஸ்டவுனில் 510 அடி நீளத்துக்குக் கட்டியிருக்கும் நோவாவின் பேழைக்கோ (பைபிள் வெள்ளக் கதையில் வரும் கப்பல்) பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். போகவே கூடாது என்று வேறு சிலர் எழுதினீர்கள். இரண்டே நாளில் பேச்சு வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய், அங்கிருந்து பிள்ளைகளின் வாய்க்கும் வந்துவிட்டது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பெயரில் அந்த இரண்டு இடங்களுக்கும் போகவில்லை. குடும்பமாகப் போவது உங்கள் விருப்பம். அதைப் பள்ளி கேட்காது.

2007 மே மாதம் சுமார் 2.7 கோடி டாலர் செலவில் திறக்கப்பட்ட அந்த மியூசியம், பூமிக்கு ஏறக்குறைய 6,000 வயதுதான் என்கிறது. ஏதேன் தோட்டக் காட்சியில் டைனோசர்கள் மனிதர்களோடு வாழ்கின்றன. பாறை அடுக்குகளில் பெரும்பாலானவை நோவா காலத்து வெள்ளத்தில் படிந்தவை என்று விளக்கம் தருகிறார்கள். இதையெல்லாம் மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். அசையும் உருவங்களும் உண்டு, அலோசாரஸ் என்ற டைனோசரின் உண்மையான எலும்புக்கூடும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது இயற்கை வரலாற்று மியூசியத்திலிருந்து வேறாகவே தெரியாது. எலும்பு நிஜம் என்றால் பக்கத்துப் பலகையில் எழுதியிருப்பதும் நிஜம் என்று பிள்ளை நம்பும். ஆசிரியர் அழைத்துப் போனால் அந்த நம்பிக்கை இரட்டிப்பாகும்.

நாம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிதான். பொதுப்பள்ளிச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் பிள்ளைகளில் பலரும் வாரநாளில் பொதுப்பள்ளியில்தான் படிக்கிறார்கள். உயிர்களைக் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தை அறிவியலாகக் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் லூசியானா வழக்கில் தீர்ப்பளித்தது. 2005-இல் பென்சில்வேனியா டோவர் வழக்கிலும், உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியல் ஆகாது என்று கூட்டாட்சி நீதிபதி கூறினார். வாரநாளில் ஒன்றைக் கற்றுவிட்டு வரும் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை நாம் குழப்பக் கூடாது.

இங்கே நீண்ட காலம் வசிப்பவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. திறப்பு நாளிலேயே வாசலில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. 2008 டிசம்பரில் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலை அந்த மியூசியத்தோடு சேர்ந்து ஒரே டிக்கெட் அறிவித்து, கண்டனங்கள் குவிந்ததும் சில நாட்களிலேயே கைவிட்டது. 2014 பிப்ரவரியில் நிறுவனர் கென் ஹாமோடு, தொலைக்காட்சியில் அறிவியல் விளக்கும் பில் நை அதே மியூசியத்தில் மேடையேறி வாதிட்டார்; அந்த விவாதம் தந்த விளம்பரம் பேழை கட்டப் பணம் திரட்ட விற்ற கடன் பத்திரங்களுக்குக் கைகொடுத்தது என்று பின்னர் ஹாமே சொன்னார். 2016-இல் பேழை திறந்தபோது, பள்ளிச் சுற்றுலாவாக அங்கே போவது சட்டப்படி தவறு என்று மதமும் அரசும் தனித்தனியே இருக்க வேண்டுமென வாதாடும் ஓர் அமைப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களுக்குக் கடிதம் அனுப்பியது. பதிலுக்கு ஹாம் பொதுப்பள்ளிக் குழுக்களுக்குப் பிள்ளைக்கு ஒரு டாலர் கட்டணம் என்று அறிவித்தார். கேலியும் கூச்சலும் கூடக்கூட அந்த இடத்தின் பெயர்தான் பரவியிருக்கிறது. நம் குழுவிலும் அதுவே நடந்தது.

வாதிட்டவர்கள் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். டைனோசரின் வயதைக் கார்பன் 14 காட்டிவிட்டது என்று பலர் எழுதியிருந்தீர்கள். அது தவறு. கார்பன் 14-இன் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் பழையதில் அளக்கும் அளவுக்கு அது மிஞ்சியிருக்காது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எலும்புக்கு மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களை எடுத்து, யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் வயதைக் கணிக்கிறார்கள். யுரேனியம் 238-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பிள்ளைக்குத் தவறான காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால், எதிரே ஒருவர் அதை உடைக்கும்போது சரியான செய்தியும் சேர்ந்தே உடையும்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் "உங்க வீட்டுல எல்லாரும் முட்டாளா?" என்று இன்னொரு பிள்ளை கேட்டது. மற்றொரு வகுப்பில் "நீங்க நரகத்துக்குத்தான் போவீங்க" என்று சொல்லப்பட்டது. இரண்டும் பெரியவர்கள் எழுதியவற்றின் எதிரொலி. ஆதியாகமம் என்றும் தொடக்கநூல் என்றும் நம் வீடுகளில் வாசிக்கப்படும் நூலை நேசித்துக்கொண்டே பரிணாமத்தை ஏற்பவர்கள் ஏராளம். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலே அது வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று எழுதினார். எந்தப் பிள்ளையின் வீட்டு நம்பிக்கையையும் இந்தப் பள்ளியில் யாரும் இழிவாகப் பேசக் கூடாது. வகுப்புக் குழுவில் இனி வீட்டுப்பாடம், நேரம், விடுப்பு தவிர வேறெதுவும் வந்தால் அந்த எண் நீக்கப்படும். ஒரு முறைதான் நினைவூட்டல் வரும்.

சுற்றுலாவுக்கு ஒஹாயோவின் சீசர் கிரீக் அணையின் வெள்ளவடிகாலை (உபரி நீர் வெளியேற வெட்டிய பாறைவெளி)த் தேர்ந்திருக்கிறோம். அங்கே காலடியில் கிடப்பது ஏறக்குறைய 45 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடித் தரை. சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும். பிரயோசோவா (கூட்டமாக வாழ்ந்த நுண்ணிய கடலுயிர்), பிராக்கியோபாட் (இரண்டு ஓடுள்ள கடலுயிர்) ஆகியவற்றின் புதைபடிவங்கள் நிறையக் கிடைக்கும்; டிரைலோபைட் (கணுக்காலிக் கடலுயிர்) துண்டுகளும் கிடைக்கும். டைனோசர் எலும்போ குதிரைப் பல்லோ ஒன்றுகூடக் கிடைக்காது. ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் கலக்கியிருந்தால் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்கட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

பார்வையாளர் மையத்தில் முதலில் அனுமதி பெற வேண்டும். சுத்தியல், உளி கூடாது. பாறையை உடைக்கக் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்காததை அங்கேயே விட்டுவிட வேண்டும். நிழல் கிடையாது, ஆகவே தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் அவசியம். செருப்பு வேண்டாம், ஷூ போதும். காலி முட்டை அட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள், புதைபடிவங்கள் உரசி உடையாமல் வரும். பிராக்கியோபாடைப் பார்த்ததும் பிள்ளைகள் "கிளிஞ்சல்!" என்பார்கள். கிளிஞ்சலுக்கு இரண்டு ஓடுகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும். பிராக்கியோபாடுக்கு ஓடுகள் இரண்டும் வேறுபடும், ஆனால் ஒவ்வோர் ஓட்டின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்கும்.

இரு தரப்பிலும் எழுதிய பெற்றோர்கள் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையால்தான் எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியும். குழுவில் எழுதாமல் நேரில் வந்து பொறுமையாகப் பேசியவர்களுக்கும், அந்த வாரம் வகுப்பை அமைதியாக நடத்திய தன்னார்வ ஆசிரியர்களுக்கும், கார்பூலுக்கு முன்வந்த குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்