ஸ்டார்டர் மோட்டரை முழுசா மாத்தியேதான் ஆகோணுமாங்க?

ஆசிரியருக்கு வணக்கமுங்க. கீயத் திருப்புனா டக்குனு ஒரு சத்தத்தோட வண்டி நின்னுக்குதுன்னு போனா, இப்பெல்லாம் நம்ம பக்கத்து ஒர்க்ஷாப்புகள்ல பிரிச்சுக்கூடப் பார்க்காம இஞ்சினச் சுத்திவிடற ஸ்டார்டர் மோட்டர் போயிருச்சு, புதுசு போட்டரலாம்ங்கறாங்க. மொதல்ல பேட்டரி டெர்மினல்ல பூத்திருக்கற பொடியச் சுரண்டி, பேட்டரி மைனஸ்ல இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயரு டைட்டா இருக்குதான்னு பார்த்து, பேட்டரில மீட்டர் வெச்சா 12.6 வோல்ட் கிட்ட காட்டுதான்னும் பார்க்கோணும், அப்பறந்தானுங்க மோட்டர்ல கை வெக்கறது.

கழட்டறதும் மலையப் பொளக்கற வேலையில்லீங்க, நெறைய வண்டில ரெண்டு மூணு போல்ட்டுதான், ஆனா பேட்டரி மைனஸ் ஒயர எடுத்துப்போட்டுத்தான் தொடோணும், ஸ்டார்டருக்கு வர்ற தடி ஒயர்ல வண்டி ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் நிக்கும், ஸ்பேனர் பாடில பட்டா தீப்பொறிதான்.

பிரிச்சா பல நேரம் சுத்தற பாகத்துக்குக் கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ்ஷு, தண்டத் தாங்கற புஷ்ஷு தேஞ்சிருக்கும், இல்லாட்டி மோட்டருக்குக் கரண்ட அனுப்பற சுவிட்சான சோலனாய்டுக்குள்ள கரிஞ்ச காண்டாக்ட், இவ்ளோதான் இருக்கும். உள்ள சுத்தற கம்பிச்சுருள் பாகமான ஆர்மேச்சரே எரிஞ்சிருந்தா அது வேற கதை. 1937-லயே ஜி.டி.நாயுடு மோட்டர் செஞ்ச கோயமுத்தூருங்க இது, எரிஞ்ச கம்பிய எடுத்துப்போட்டுப் புதுசு சுத்தித்தர்ற ரீவைண்டிங் கடைக்கா இங்க பஞ்சம்? புதுசு போட்டாலும் பழைய மோட்டரக் கேட்டு வாங்கிக்கோங்க, பாதிப் பேரு அதக் கண்ணுலயே காட்டறதில்ல. உங்க பேப்பர்ல இதப்பத்தி விவரமா ஒரு பக்கம் போட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க.

– ஒரு வாசகர், பொள்ளாச்சி