யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் விடவில்லை. பெரியம்மா வீட்டு விசேஷம் நல்லபடி முடிந்தது, அந்தக் கதையெல்லாம் போனில் சொல்கிறேன்.

லெப்டொப் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாய். அதோடு சரி. கேட்டால் "பார்க்கலாம் அப்பா" என்கிறாய். லெப்டொப்பை எடுத்துக்கொண்டதற்குக் கடையில் ஜாப் ஷீட் தந்தார்களா? சீரியல் நம்பர், கோளாறு, கொடுத்த தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போய் எழுதி வாங்கு. பில் நம்ம பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, தம்பி படம் எடுத்து அனுப்புவான். அடியில் ஒட்டியிருக்கும் வாரண்டி ஸ்டிக்கரை யாரையும் பிய்க்க விடாதே. நமக்கு இரண்டு வருட வாரண்டி, பேட்டரிக்கு மட்டும் ஒரு வருடம்.

தண்ணீரோ தேத்தண்ணியோ பட்டால் வாரண்டி செல்லாது என்று வெள்ளவத்தை மாமா சொன்னார். அப்படி ஏதும் நடந்திருந்தால் நடந்துவிட்டது, சொல்லு மகள். 2024 செப்டம்பரில் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகு அம்மா சீட்டு எடுத்து வாங்கியது என்று நீ மருகிக்கொண்டிருப்பாய். அந்தச் சீட்டுக் கட்டி முடிந்துவிட்டது. நம்ம தோட்டத்து லயன் வீடுகளில் கெம்பஸ் போன முதல் பிள்ளை நீ. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் யார் கேட்டாலும் அம்மா உன் படிப்பைத்தான் முதலில் சொல்வாள். ஆனால் இரண்டு அசைன்மென்ட் தவறிப்போனது தம்பிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அது சரியா?

தேயிலை பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஒன்று நின்றுவிட்டால் வாடிய கொழுந்து நமக்காகக் காத்திருக்காது. அதனால்தான் இன்னொன்றை ஓடும் நிலையில் வைத்திருக்கிறோம். உனக்கும் அப்படி ஒன்று வேண்டும். இப்போதைக்கு லைப்ரரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுது, எழும்பும்போது லொக் அவுட் பண்ண மறக்காதே. எழுதியதை அன்றன்றே கூகுள் டிரைவில் போடு, 15 ஜிபி காசில்லாமல் தருகிறான். பென் டிரைவை மட்டும் நம்பாதே. ரிப்பேரில் டிஸ்க்கை மாற்றினால் உள்ளே இருந்தது போனதுதான், அதற்கு வாரண்டி கிடையாது. அவசரத்துக்கு ஓடிஜி வயரில் ஒரு கீபோர்டைப் போனில் செருகியும் எழுதலாமாம், மாமா மகன் செய்திருக்கிறான்.

மாமா மகனுடைய பழைய லெப்டொப்பைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரி நிற்காது, சார்ஜரோடு வைத்தால் எழுத ஓடும். சனிக்கிழமை கண்டிக்கு வந்து யாழ்ப்பாண பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் லெக்சரரிடம் ஜாப் ஷீட்டைக் காட்டி இன்னும் கொஞ்ச நாள் கேள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ரிப்பேருக்குக் காசு கேட்டாலும் என்னிடம் சொல்லு, தண்ணீர் பட்டிருந்தாலும் சொல்லு. படிப்பை நிறுத்துகிற பேச்சு மட்டும் வேண்டாம்.

பஸ் புறப்பட்டதும் அதன் நம்பரைச் சொல்லக் கூப்பிடுவேன். போனை எடு.

அப்பா