செத்தவர் பூட்ஸ் தின்ற கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாப்ளினின் ‘தி கோல்டு ரஷ்’ படத்துக்கு நூறு வயது நிறைந்ததை ஒட்டித் தங்கள் இதழில் நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. சந்தோஷம். மூன்றாம் பக்கத்தில், பசி தாளாமல் குடிசைக்குள் உட்கார்ந்து பூட்ஸ் தின்னும் காட்சியின் படம். அதன் கீழே, “சாப்ளினுடன் குண்டு நடிகர் எரிக் கேம்பல்” என்று ஒரு வரி. இரண்டு நாளாக அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

எரிக் கேம்பல் 1917 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். படம் வெளிவந்தது 1925இல். செத்து ஏழெட்டு வருஷம் ஆனவர் எழுந்து வந்து அலாஸ்கா பனியில் பூட்ஸ் தின்றிருக்கிறார் என்றால், தாங்கள் அந்த அதிசயத்துக்கல்லவா நான்கு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்?

படத்தில் இருப்பவர் மேக் ஸ்வைன். தங்களுக்குத் தெரியாததல்ல. தாங்கள் துணையாசிரியராக இருந்த காலத்திலேயே மௌனப்படங்களைப் பற்றி நல்ல கட்டுரைகள் எழுதியவர். அதனால்தான் வருத்தம் அதிகம். கட்டுரையை அச்சுக்குப் போகும் முன் தாங்கள் படிப்பதில்லையா, அல்லது குண்டாக இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆள் என்று அலுவலகத்தில் முடிவாகிவிட்டதா?

இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் நடத்தினோம். மாதம் ஒரு படம். கல்லூரியிலிருந்து 16 எம்எம் புரொஜெக்டரை இரவல் வாங்கி, பள்ளிக்கூட ஹாலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போடுவோம். குறிப்புத் தாள் எழுதி ஸ்டென்சில் வெட்டுவது என் வேலை. முதல் தடவை இந்தப் படத்தைப் போட்டபோது நானும் எரிக் கேம்பல் என்றுதான் எழுதினேன். படம் முடிந்ததும் ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் எழுந்து, எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கினார். அடுத்த மாதத் தாளின் தலைப்பிலேயே திருத்தம் போட்டேன். ஐம்பது பிரதி சைக்ளோஸ்டைலில் முடிந்த காரியம் ஆஃப்செட்டில் முடியாதா?

கேம்பல் வேறு வகை நடிகர். 1916, 17இல் மியூச்சுவல் கம்பெனிக்காகச் சாப்ளின் எடுத்த படங்களில் ஒட்டுப் புருவமும் தாடியுமாக வந்து மிரட்டுவார். ‘ஈஸி ஸ்ட்ரீட்’டில் தெருவிளக்குக் கம்பத்தையே வளைப்பார். அவர் நின்றாலே பயம். ஸ்வைனின் பெரிய உடம்புக்குள்ளே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். 1876இல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்து, பல வருஷம் நாடக மேடையில் உழைத்து, 1913 வாக்கில் மேக் செனட்டின் கீஸ்டோன் படக் கம்பெனிக்கு வந்தவர். அங்கே கண்ணைச் சுற்றிக் கறுப்பும் பட்டை மீசையுமாக ‘ஆம்ப்ரோஸ்’ என்ற பாத்திரத்தில் வந்து பெயர் வாங்கினார். செஸ்டர் காங்க்ளினும் இவரும் ஜோடி. தாங்கள் சொல்லும் “குண்டு நடிகர்” தன் பெயரில் கூட்டம் சேர்த்தவர், ஐயா.

அப்புறம் ஒரு தயாரிப்பாளரோடு தகராறு. வாய்ப்புகள் அடைபட்டன. நாற்பத்தைந்து வயதில் வேலை இல்லாமல் நின்றவரைக் கூப்பிட்டுக்கொண்டது சாப்ளின்தான். 1921இல் ‘தி ஐடில் கிளாஸ்’, அடுத்த வருஷம் ‘பே டே’யில் கட்டட மேஸ்திரி, 1923இல் ‘தி பில்கிரிம்’ படத்தில் தேவாலயப் பெரியவர். அதற்கும் அடுத்துத்தான் ‘தி கோல்டு ரஷ்’ படத்தின் பிக் ஜிம் மெக்கே வேஷம். கட்டுரையில் சாப்ளினின் பெருந்தன்மைக்கு ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பெருந்தன்மை யாருக்குக் கிடைத்ததோ அவருக்குப் பெயர்கூட இல்லை.

பூட்ஸ் காட்சியையே எடுத்துக்கொள்வோம். சாப்ளின் ஆணியை எலும்பு போலச் சப்புவதையும் கயிற்றை நூடுல்ஸ் போலச் சுற்றுவதையும் எல்லாரும் எழுதுகிறார்கள், உங்கள் கட்டுரையாளர் உட்பட. ஜிம் தட்டை மாற்றி வைத்துக்கொள்வதை யாரும் எழுதுவதில்லை. பூட்ஸில்கூட நல்ல பங்கு தனக்கு வேண்டுமாம்! சாப்ளின் ருசித்துச் சாப்பிட, எதிரில் இவர் மென்று விழுங்க முடியாமல் முழிக்கிறார். அந்த முழி இல்லாவிட்டால் பசி எங்கே, சிரிப்பு எங்கே? அதிமதுரத்தில் செய்த பூட்ஸ் அது. மூன்று நாள், அறுபதுக்கும் மேற்பட்ட தடவை எடுத்தார்களாம். அதிமதுரம் வயிற்றை என்ன செய்யும் என்று வாசகர்களுக்குத் தெரியும். சாப்ளின் தின்றது கலை, ஸ்வைன் தின்றது கணக்கில் இல்லை!

பசி மயக்கத்தில் ஜிம்முக்குச் சாப்ளின் கோழியாகத் தெரியும் காட்சியும் அப்படித்தான். கோழி வேஷத்துக்குள் இருந்து இறக்கையை ஆட்டியது சாப்ளின் என்பது சரி. ஆனால் அது கோழி என்று நம்மை நம்ப வைப்பது ஜிம்மின் கண்கள். எங்கள் ஹாலில் அவர் துப்பாக்கியோடு துரத்தியபோது முன்வரிசையில் ஒரு சிறுமி அழுதேவிட்டாள். அதே சிறுமி, குடிசை மலை விளிம்பில் தொங்கியபோது ஜிம் பிழைக்க வேண்டுமென்று கத்தினாள். இரண்டையும் ஒரே படத்தில் வாங்கினவர் சாதாரண ஆளா?

1942இல் சாப்ளின் தன் குரலையே சேர்த்து இந்தப் படத்தை மறுபடி வெளியிட்டார். அதைக் கேட்க ஸ்வைன் இல்லை. 1935 ஆகஸ்டில் அமெரிக்காவின் டகோமா நகரில் இறந்துவிட்டார், வயது 59.

தங்கள் இதழில் இது முதல் தடவையும் அல்ல. முன்பு கடிகார முள்ளில் தொங்கும் ஹெரால்டு லாய்டின் படத்தைப் போட்டு பஸ்டர் கீட்டன் என்று அச்சிட்டீர்கள். கார்டு எழுதினேன், பதில் இல்லை. பிறகு மௌனப்பட நடிகர் லான் சேனியைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை ஒன்றரை வரியாகச் சுருக்கி, கட்டுரை அருமை என்ற பகுதியை மட்டும் போட்டீர்கள். அதில் மீதி முழுக்கப் பிழைகளைத்தான் சொல்லியிருந்தேன். சந்தா உயர்ந்தபோது மட்டும் ஒரு பைசாகூடப் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. இதழை நான்காய் மடித்துத்தான் அனுப்புகிறீர்கள். அதைப் பற்றி வேறொரு சமயம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் எந்த மூலையிலாவது, “படத்தில் இருப்பவர் மேக் ஸ்வைன்” என்று ஒரு வரி. தனித் திருத்தம் போட இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தையே வழக்கம்போல் ஒன்றரை வரியாகச் சுருக்கிப் போடுங்கள். அந்த ஒன்றரை வரியில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும்.

தங்கள்,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்.